சோறு பார்த்த வேலையெல்லாம்

"அப்போ என்னதான் சாப்பிடுவீங்க?" எட்டு மாசமா இந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்லி சொல்லி வாய் வலிக்குது எனக்கு. வீட்ல அரிசி கிடையாது, கோதுமை கிடையாது, சோளம் ஓட்ஸ் எதுவும் கிடையாதுன்னு சொன்ன உடனே எதிர்ல இருக்கறவங்க முகம் ஒரு மாதிரி ஆயிடும், துக்கம் விசாரிக்க வந்தவங்க மாதிரி என் பையனை பார்ப்பாங்க, அவன் அந்த நேரத்துக்கு ரெண்டாவது வாழைப்பழத்தை உரிச்சிட்டு இருப்பான். சரி, தனித்தனியா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், எட்டு மாசம்னு பெருமையா சொன்னாலும் நடுவுல அரிசி திரும்ப வீட்டுக்குள்ள வந்துடுச்சு, ஒரு சின்ன டப்பா அளவுக்கு. அது ஏன் வந்துச்சுன்னு கீழ எழுதியிருக்கேன், வேற எதை படிக்கலைன்னாலும் அதை படிச்சிடுங்க.

ஆரம்பிச்சது இவராலதான். வழக்கமா எடுக்கற செக்கப்ல எச்பிஏ1சி, அதாவது ரத்தத்துல சர்க்கரையோட சராசரியை காட்டற டெஸ்ட், 6.2ன்னு வந்துச்சு. 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் சர்க்கரை வியாதிக்கு முந்தின நிலைன்னு சொல்லுவாங்க, 6.5ஐ தொட்டா வியாதியே வந்தாச்சுன்னு கணக்கு. டாக்டர் ரொம்ப அமைதியா, மாவுச்சத்தை குறைங்க, தினம் நடங்க, மூணு மாசம் கழிச்சு திரும்ப பார்க்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாரு. குறைங்கன்னுதான் சொன்னாரு, நான் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன். இவரு காதுல மட்டும் அது "நிறுத்துங்க"ன்னு விழுந்திருக்கு. இந்த மனுஷனுக்கு எதையும் குறைக்க தெரியாது, ஒண்ணு முழுசா வேணும், இல்ல வாசல்படி தாண்ட கூடாது. ரெண்டு ராத்திரி தூங்காம வீடியோ பார்த்துட்டு மூணாவது நாள் காலைல "இனிமே நம்ம வீட்ல தானியமே வேணாம்"னு அறிவிச்சாரு.

"நம்ம வீட்ல"ன்னா அஞ்சு பேரு. இவரு, நான், 13 வயசு பொண்ணு, 7 வயசு பையன், அப்புறம் அத்தை, அதாவது என் மாமியார், 68 வயசு, 12 வருஷமா சுகர் மாத்திரை போடறவங்க. இவருக்கு மட்டும் வேணாம்னா இவரு மட்டும் நிறுத்தியிருக்கலாம், எல்லாரையும் இழுத்துவிட்டது யாருன்னா நான்தான், அதை ஒத்துக்கணும். ரெண்டு வகை சமையல் என்னால முடியாது, சாப்பிட்டா எல்லாரும் ஒண்ணுதான் சாப்பிடணும், நல்லதுதானே எல்லாருக்கும் நல்லது, அப்டின்னு நான் பேசின பேச்சு இருக்கே, அந்த கடைசி வரி எவ்ளோ தப்புன்னு பின்னாடி புரிஞ்சுது.

முதல்ல தானியம்னா எதுங்கறதுலயே ஒரு நாள் சண்டை போச்சு. நம்ம பேச்சுல தானியம்ங்கற வார்த்தை ரொம்ப தாராளம். நவதானியம்னு ஒம்பது சொல்றோமே, அதுல கோதுமையும் அரிசியும்தான் இந்த கணக்குல தானியம், மிச்ச ஏழுல எள்ளு ஒரு எண்ணெய் வித்து, மத்ததெல்லாம் பருப்பு பயறு வகை. இந்த டயட்ல தானியம்ங்கறது புல் இனத்து செடியோட விதை, அரிசி, கோதுமை, மக்காச்சோளம், பார்லி, ஓட்ஸ், ரை, அப்புறம் சிறுதானியம் மொத்தமும். இங்கதான் நெறைய பேரு என்கிட்ட வாதம் பண்ணுவாங்க, "சிறுதானியம் நல்லதாச்சே, அதை சாப்பிடலாமே"ன்னு. நல்லதா கெட்டதாங்கறது வேற பேச்சு, பேர்லயே தானியம் இருக்குங்க. கினோவாவும் பக்வீட்டும் புல் இனம் இல்ல, ஆனா தானியம் மாதிரியே சமைக்கறதால கறாரா இருக்கறவங்க அதையும் தள்ளிடுவாங்க. பருப்பு, கொண்டைக்கடலை, பட்டாணி எல்லாத்தையும் நாங்க வச்சுக்கிட்டோம், இல்லேன்னா ரெண்டாவது நாளே நான் பெட்டியை கட்டியிருப்பேன்.

இன்னொரு குழப்பம் குளூட்டன், மாவை ஒட்ட வைக்கற ஒரு புரதம். குளூட்டன் இல்லாததும் தானியம் இல்லாததும் ஒண்ணு இல்ல. குளூட்டன் இருக்கறது கோதுமை, பார்லி, ரை இதுங்கள்ல. அரிசில குளூட்டன் கிடையாது, ஆனா அது தானியம். அதனால கடையில "குளூட்டன் ஃப்ரீ"ன்னு கொட்டை எழுத்துல போட்டு விக்கற பிஸ்கட்டை திருப்பி பார்த்தா பாதிக்கு பாதி அரிசி மாவும் சோள மாவும்தான் இருக்கும். நான் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்து ஏமாந்தேன், இவரு அதை ஒரு குற்றப்பத்திரிகை மாதிரி மேஜை மேல வச்சு எல்லாருக்கும் படிச்சு காட்டினாரு.

சரி, முதல் வாரம். சோத்தை எடுத்துட்டா ஒரு பொருள் குறையும்னு நினைச்சேன், ஆனா போனது வீட்டோட வேலைக்காரன், அதுவும் பல வருஷமா இருந்த ஆளு, அவன் என்னென்ன பண்ணிட்டு இருந்தான்னு அவன் போனதுக்கு அப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரியுது. முதல் நாள் மத்தியானம் குழம்பை காலிஃபிளவர் மேல ஊத்தி சாப்பிட்டோம், ஒருத்தராலயும் வாயில வைக்க முடியல, அவ்ளோ உப்பு, அவ்ளோ காரம். நான் அளவெல்லாம் எப்பவும் போலத்தான் போட்டிருந்தேன். அப்புறம்தான் மண்டையில உறைச்சுது, இத்தனை வருஷமா நான் குழம்புக்கு உப்பு போட்டதே இல்ல, சோத்துக்கும் சேர்த்துத்தான் குழம்புல போட்டிருக்கேன், உப்பில்லாத சோறு அதை வாங்கி வாங்கி சமன் பண்ணிட்டு இருந்திருக்கு. அன்னிலேர்ந்து உப்பு புளி காரம் எல்லாத்தையும் பாதியா குறைச்சேன், கை பழக மூணு வாரம் ஆச்சு. புதுசா ஆரம்பிக்கறவங்க யாரும் இதை சொல்ல மாட்டேங்கறாங்க, அதான் முதல்ல எழுதறேன்.

அடுத்தது வயித்தை ரொப்பற வேலை. 100 கிராம் வெந்த சோத்துல ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து, 130 கலோரி. அதே 100 கிராம் காலிஃபிளவர்ல 5 கிராம், 25 கலோரி. அதாவது தட்டுல குவியல் அதே உயரத்துல இருக்கும், உள்ள போறது அஞ்சுல ஒரு பங்குதான். இவருக்கு அது வேணும்னுதானே ஆரம்பிச்சோம், ஆனா 7 வயசு பையன் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததும் வாசல்லயே உட்கார்ந்து அழுதான், என்னடான்னு கேட்டா "தெரியல"ன்னான். பசின்னு அவனுக்கே தெரியல, ஏன்னா வயிறு நெறைஞ்சுதான் இருக்கு, தண்ணியும் நாரும். மூணு நாள் அவன் அடம், எரிச்சல், அக்காவோட சண்டை எல்லாத்தையும் நான் வால்தனம்னு நினைச்சு திட்டிட்டேன், இப்போ நினைச்சாலும் கஷ்டமா இருக்கு.

அப்புறம் உட்கார்ந்து கணக்கு போட்டேன். ஒரு வயசு தாண்டின எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 130 கிராம் மாவுச்சத்துன்னு அமெரிக்க ஊட்டச்சத்து அளவுகள்ல சொல்லியிருக்காங்க, மூளைக்கு வேணுங்கற குளுக்கோஸை வச்சு போட்ட கணக்கு அது. தானியம் இல்லாம இதை எட்ட முடியுமான்னா தாராளமா முடியும், நாமதான் தானியம் வேணாம்ங்கறதை மாவுச்சத்தே வேணாம்னு புரிஞ்சுக்கறோம். நடுத்தர சைஸ் உருளைக்கிழங்கு ரெண்டு வேக வச்சா 60 கிராம் கிட்ட வந்துடும், ஒரு வாழைப்பழம் 27, ஒரு ஆப்பிள் 25, வேக வச்ச கொண்டைக்கடலை ஒரு கப்புல 45. முடிஞ்சுது. அன்னிலேர்ந்து பசங்க தட்டுல கிழங்கு, இவரு தட்டுல காய். உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, சேனை எல்லாம் மாத்தி மாத்தி. மரவள்ளியை மட்டும் பச்சையா குடுத்துடாதீங்க, அதுல சயனைடு உண்டாக்கற பொருள் இருக்கு, தோலை நல்லா எடுத்துட்டு, முழுசா வேக வச்சு, வெந்த தண்ணியை கொட்டிடணும்.

மூணாவது நாள் எங்க வீட்டு ஹீரோவுக்கே தலைவலி. நாலாவது நாளும். ஆபீஸ்லேர்ந்து வந்து இருட்டு ரூம்ல படுத்துக்கிட்டு "உடம்புல இருக்கற விஷமெல்லாம் வெளிய போகுது"ன்னு சொன்னாரு. விஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. மாவுச்சத்து திடீர்னு குறைஞ்சா உடம்பு சேத்து வச்ச சர்க்கரை இருப்பு, கிளைக்கோஜன்னு பேரு, அது கரையும், ஒரு கிராம் கிளைக்கோஜன் கூட ஏறக்குறைய மூணு கிராம் தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுவும் சேர்ந்து போகும், கூடவே உப்பும் போகும். தண்ணியும் கொஞ்சம் உப்பு போட்ட சூப்பும் குடிச்சதும் தலைவலி நின்னுது. இதே காரணம்தான் முதல் பத்து நாள்ல 3 கிலோ குறைஞ்சதுக்கும், இவரு அதை கொழுப்புன்னு நினைச்சு பாக்கறவங்க கிட்டயெல்லாம் சொல்லிட்டு இருந்தாரு, பெரும்பாலும் தண்ணிதான்யான்னு சொன்னா கோவம் வேற. அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒரு கிலோ மாதிரி மெதுவா இறங்கினதுதான் நிஜக் குறைச்சல்.

அடுத்து ஒரு அசிங்கமான விஷயம், எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன். மலச்சிக்கல். வீட்ல மூணு பேருக்கு. முட்டை, சீஸ், பாதாம்னு ஒரே பக்கமா சாப்பிட்டா வேற என்ன ஆகும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து வேணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, முழு கோதுமை, ஓட்ஸ் மாதிரி முழு தானியம் சாப்பிட்டுட்டு இருந்த வீட்ல அதை நிறுத்தினா நாரோட பெரிய பங்கு அதோட போயிடும். (வெள்ளை அரிசியை குறை சொல்லாதீங்க, அதுல நார் இருந்தாத்தானே போறதுக்கு.) பருப்பும் பயறும் தினம் ஒரு வேளை கட்டாயம்னு வச்சேன், ஒரு கப் வெந்த பயறு வகைல 15 கிராம் கிட்ட நார் கெடைக்கும், கூட ஆளி விதை பொடி ஒரு ஸ்பூன், பழம் தோலோட. ஒரு வாரத்துல சரியாச்சு. இந்த பயறு விஷயத்துல இவரு பார்த்த வீடியோக்காரங்க எல்லாம் எனக்கு எதிர்க்கட்சி, சத்தை உடம்புல சேர விடாத பைட்டேட் இருக்கு லெக்டின் இருக்குன்னு. பைட்டேட் பாதாம்லயும்தான் இருக்கு, அதை மட்டும் எப்டி கிலோ கணக்குல சாப்பிடறாங்கன்னு கேட்டா பதில் இல்ல. ஊற வச்சு நல்லா வேக வச்சா போதும்.

சமையல் பக்கம் வரேன், இதுக்குத்தான் பாதி பேரு வந்திருப்பீங்க.

காலிஃபிளவர் சோறுல எல்லாரும் பண்ற தப்பு அதை வேக வைக்கறது. வேக வச்சா கஞ்சிதான். துருவிட்டு, ஒரு துணில போட்டு முறுக்கி பிழிஞ்சு, அகலமான கடாய்ல மூடி போடாம, எண்ணெய் கொஞ்சமா, தீ பெருசா வச்சு அஞ்சு நிமிஷம் வதக்கணும், உப்பு கடைசியில, முதல்லயே போட்டா தண்ணி விட்டுடும். ஒரே தடவைல நெறைய போட்டாலும் ஆவில வெந்துடும், ரெண்டு ஈடா போடுங்க. சோறு மாதிரியே இருக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இருக்காது. சோறா நினைச்சு சாப்பிட்டா ஏமாத்தம், காயா நினைச்சு சாப்பிட்டா ருசி.

மாவு விஷயத்துல நான் கட்டின ஃபீஸ் அதிகம். தேங்காய் மாவு வாங்கிட்டு வந்து, கேக்குக்கு கோதுமை மாவு ஒரு கப் போடற இடத்துல இதையும் ஒரு கப் போட்டேன், ஓவன்லேர்ந்து எடுத்தா செங்கல், வெட்டினா மணல், பையன் ஒரு வாய் தின்னுட்டு இருமினான் பாருங்க, எனக்கே பயம் வந்துடுச்சு. தேங்காய் மாவு தண்ணியை பயங்கரமா உறிஞ்சும், ஒரு கப்புக்கு பதிலா கால் கப் போட்டா போதும், முட்டை கூட ரெண்டு மூணு சேர்க்கணும். பாதாம் மாவு அப்டி இல்ல, ஏறக்குறைய ஒண்ணுக்கு ஒண்ணு போடலாம், ஆனா எண்ணெய் சத்து அதிகம், சீக்கிரம் செவந்துடும், அதனால சூட்டை குறைச்சு கூட நேரம் வைக்கணும். குளூட்டன் பார்த்துட்டு இருந்த ஒட்ட வைக்கற வேலை இங்கதான் தெரியும், எதை சுட்டாலும் உதிரும். இசப்கோல் உமியை தண்ணில கலக்கினா ஜெல்லி மாதிரி ஆகும் பாருங்க, அதை ஒரு ஸ்பூன் சேர்த்தா பிடிச்சுக்கும். இசப்கோல் தானியம் இல்லையான்னு கேக்காதீங்க, இல்ல, அது வேற ஒரு செடியோட விதை மேல இருக்கற உமி. சுட்டதை முழுசா ஆற விட்டுட்டு வெட்டுங்க, சூடா வெட்டினா பொடி.

இன்னொண்ணு, பாதாம் மாவுல 100 கிராமுக்கு 580 கலோரி கிட்ட. கோதுமை மாவு 340தான். "தானியம் இல்லாத கேக்"னு பேரு வச்சுட்டு நாலு துண்டு சாப்பிட்டா இவரு எடை எப்டி குறையும்? ஆக்ஸலேட்டும் அதிகம், சிறுநீரகக் கல்லு வந்தவங்க பார்த்து சாப்பிடணும். விலையை பத்தி பேசவே வேணாம், அதனாலயே எங்க வீட்ல இப்போ கேக் மாசத்துக்கு ரெண்டு தடவைதான், அது டயட்டுக்கும் நல்லதா போச்சு.

லேபிள் படிக்கறதுல என் பொண்ணு எக்ஸ்பர்ட் ஆயிட்டா. சோயா சாஸ்ல கோதுமை, பேக்கிங் பவுடர்ல சோள ஸ்டார்ச், பொடிச்ச சர்க்கரைல அதே ஸ்டார்ச், மால்ட்னு இருந்தா பார்லி, ஹோட்டல் சூப் கெட்டியா இருந்தா பெரும்பாலும் சோள மாவு, கட்லெட் மொறுமொறுன்னு இருந்தா ரொட்டித்தூள். நாங்க பேக்கிங் பவுடருக்கு பதிலா க்ரீம் ஆஃப் டார்டார் ரெண்டு பங்கு, சோடா உப்பு ஒரு பங்கு கலந்து வச்சுக்கறோம். ஆனா ஒண்ணு, ஒவ்வாமையோ, குளூட்டன் பட்டாலே குடல் கெடற சீலியாக் நோயோ இல்லாத வீட்ல இந்த அளவுக்கு துப்பறிய வேண்டிய அவசியமே இல்லன்னுதான் இப்போ தோணுது, ஒரு சிட்டிகை ஸ்டார்ச்சால யாருக்கும் சுகர் ஏறிடாது, அது வேற நோய்க்கான ஜாக்கிரதை, நாங்க சும்மா ஆர்வக்கோளாறுல பண்ணிட்டு இருந்தோம்.

சீலியாக்னு சொன்னதும் ஞாபகம் வருது. பொண்ணுக்கு ரொம்ப நாளா வயிறு உப்புசம் இருந்துச்சு, கோதுமையை நிறுத்தின ரெண்டாவது வாரம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி சொன்னா. உடனே நாங்க குளூட்டன் பிரச்சினைதான்னு முடிவே பண்ணிட்டு டாக்டர் கிட்ட போனோம், அவரு தலையில அடிச்சுக்காத குறை. சீலியாக் இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட், குளூட்டன் சாப்பிட்டுட்டு இருந்தாத்தான் சரியா காட்டும், நிறுத்திட்டு எடுத்தா நோய் இருந்தாலும் இல்லன்னு வந்துடலாம். அதனால திரும்ப சில வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வான்னு அனுப்பிட்டாரு. தானியமே இல்லாத வீட்ல ஒருத்தி மட்டும் டாக்டர் சீட்டு வச்சுக்கிட்டு தினம் ரெண்டு பிரெட் சாப்பிட்டா, தம்பி எதிர்ல உட்கார்ந்து பார்த்துட்டே இருப்பான், வெண்ணெய் தடவற சத்தத்துக்கு இவரு பேப்பரை உயர்த்தி முகத்தை மறைச்சுக்குவாரு. ரிசல்ட் இல்லன்னுதான் வந்துச்சு. உலகத்துல நூத்துல ஒருத்தருக்கு ஏறக்குறைய இருக்கற நோய் அது, ஆயுசுக்கும் குளூட்டனை தொடக்கூடாது, அதனால சந்தேகம் இருந்தா நிறுத்தறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்துடுங்க. இந்த நோய்ல கோதுமைதான் வில்லன்னு கண்டுபிடிச்சவரு வில்லம் டிக்கேன்னு நெதர்லாந்துக்காரர் ஒரு குழந்தை மருத்துவர், ரெண்டாம் உலகப்போர் முடியற சமயத்துல அங்க பஞ்சம், ரொட்டியே கிடைக்கல, அப்போ இந்த நோய் இருந்த குழந்தைங்க மோசமாகாம இருந்ததும், ரொட்டி திரும்ப வந்ததும் திரும்ப படுத்ததும் அவரோட சந்தேகத்தை உறுதியாக்கிச்சு. ஊரே பசியில கிடக்கறப்போ வார்டுல நாலு குழந்தைங்க தேறி வர்றதை பார்த்த மனுஷன் மனசு எப்டி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.

இப்போ அந்த அரிசி டப்பா கதை.

ஆரம்பிச்சு அஞ்சாவது வாரம். மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு ரெண்டு மணி நேரம் இருக்கும். அத்தை வழக்கமா அந்த நேரத்துக்கு டிவி முன்னாடி இருப்பாங்க, அன்னிக்கு சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னு "ஏம்மா, லைட்டை போட்டியா அணைச்சியா"ன்னு கேட்டாங்க. வெயில் பளீர்னு அடிக்குது. திரும்பி பார்த்தா நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, வார்த்தை குழறுது. பிடிச்சு உட்கார வச்சேன், எனக்கு முதல்ல தோணினது பக்கவாதமோன்னுதான். பொண்ணு சுகர் பாக்கற மிஷினை எடுத்துட்டு ஓடி வந்தா. 64. எழுபதுக்கு கீழ போனாலே லோ சுகர்.

நான் பதட்டத்துல என்ன பண்ணேன் தெரியுமா, டப்பாவை திறந்து பாதாம் மாவு பிஸ்கட் எடுத்து வாயில வச்சேன். தானியம் இல்லாத, சர்க்கரை இல்லாத பிஸ்கட். எவ்ளோ கெட்டிக்காரி பாருங்க. பொண்ணுதான் கத்தினா, "அம்மா அதுல ஒண்ணுமே இல்ல, சர்க்கரை தண்ணி குடு"ன்னு. ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை கரைச்சு குடுத்தோம், 15 கிராம் கிட்ட வரும், கால் மணி நேரம் கழிச்சு திரும்ப பார்த்தா 82. அந்த கால் மணி நேரம் இருக்கே, அத்தை கையை பிடிச்சுக்கிட்டு கடிகாரத்தையே பார்த்துட்டு இருந்தேன். (முழிப்பா, முழுங்கற நிலைல இருந்தாத்தான் இப்டி வாயில குடுக்கணும், மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே ஆஸ்பத்திரிதான். சாக்லேட்டும் வேணாம், அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரை ஏறறதை தாமதமாக்கும்.)

டாக்டர் கிட்ட சாயங்காலமே போனோம். அத்தை போடற மாத்திரை கிளிமிபிரைடு, கணையத்தை தட்டி இன்சுலினை சுரக்க வைக்கற வகை. நாம சாப்பிட்டோமா இல்லையான்னு அதுக்கு தெரியாது, அது பாட்டுக்கு அது வேலையை பார்க்கும். அந்த மாத்திரையோட அளவு 12 வருஷமா அவங்க சாப்பிட்ட சோத்தை வச்சு ஏத்தி இறக்கி முடிவு பண்ணது. நாங்க சோத்தை எடுத்துட்டோம், மாத்திரையை அப்டியே விட்டுட்டோம். சோறு பார்த்துட்டு இருந்த வேலைகள்லயே பெரிய வேலை அதுதான், யாருக்குமே தெரியாம மாத்திரைக்கு எதிர்ல உட்கார்ந்து தராசை சமமா வச்சுட்டு இருந்திருக்கு. "சாப்பாட்டை மாத்தறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு டாக்டர் கேட்டாரு, இவரு தரையை பார்த்தாரு, நான் சுவத்துல இருந்த காலண்டரை பார்த்தேன். அத்தை மட்டும் "புள்ளைங்க நல்லதுக்குத்தான் பண்ணுச்சுங்க"ன்னாங்க. அது எங்க ரெண்டு பேரையும் அடிச்ச மாதிரி இருந்துச்சு.

மாத்திரையை பாதியா குறைச்சாரு, ஒவ்வொரு வேளையும் ஒரே அளவுல கொஞ்சம் மாவுச்சத்து கட்டாயம்னாரு, வயசானவங்களுக்கு லோ சுகர்தான் ஹை சுகரை விட உடனடி ஆபத்து, விழுந்து எலும்பு முறியும்னு சொன்னாரு. சுகருக்கு இன்சுலின் போடறவங்க, இந்த வகை மாத்திரை போடறவங்க வீட்ல யாராவது இருந்தா, தயவுசெஞ்சு, டயட்டை ஆரம்பிக்கற அன்னிக்கு இல்ல, அதுக்கு முந்தின வாரமே டாக்டர் கிட்ட போயிடுங்க. அன்னிக்கு ராத்திரி நானே போய் ஒரு சின்ன பாக்கெட் அரிசி வாங்கிட்டு வந்தேன். எல்லாரும் ஒண்ணுதான் சாப்பிடணும்னு நான் பேசின பேச்சும் அந்த ராத்திரியோட முடிஞ்சுது.

இப்போ நடக்கறது இதுதான். குழம்பு, காய், பயறு, முட்டை அல்லது மீன், இதெல்லாம் பொது. அதுக்கு அடியில என்ன வைக்கறதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். இவருக்கு காலிஃபிளவரோ கீரையோ, பசங்களுக்கு கிழங்கு, அத்தைக்கு ஒரு சின்ன கிண்ணம் சோறு, நான் அன்னிக்கு எது மிஞ்சுதோ அது. ரெண்டு சமையலுக்கு பயந்த நான் இப்போ மூணு பண்றேன், ஆனா கிழங்கும் சோறும் குக்கர்ல அடுக்கி வச்சா ஒரே தடவைல வெந்துடுது, நான் பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல. பசங்க வெளில பிறந்தநாள் விருந்துக்கு போனா குடுக்கறதை சாப்பிடுவாங்க, அதுல நான் தலையிடறது இல்ல.

எட்டு மாசத்துல என்ன கெடைச்சுதுன்னு கேட்டா, இவருக்கு எச்பிஏ1சி 6.2லேர்ந்து நாலாவது மாசம் 5.8, போன மாசம் 5.7. அந்த டெஸ்ட் ரெண்டு மூணு மாசத்து சராசரியைத்தான் காட்டும், அதனால வாரா வாரம் போய் எடுத்து காசை வீணாக்காதீங்க. ஆனா இது தானியத்தை நிறுத்தினதாலயான்னு கேட்டா என்னால சத்தியம் பண்ண முடியாது. அதே நேரத்துலதான் இவரு தினம் 40 நிமிஷம் நடக்க ஆரம்பிச்சாரு, சாயங்கால பிஸ்கட் நின்னுது, ராத்திரி பத்து மணி நூடுல்ஸ் நின்னுது. எனக்கு தெரிஞ்சு அந்த நூடுல்ஸ் ஒண்ணு போனதே பாதி பலன். முழு தானியம் சாப்பிடறவங்களுக்கு இதய நோய், சர்க்கரை நோய் எல்லாம் குறைவா இருக்கறதாத்தான் பெரிய ஆய்வுகள் சொல்லுது, அதனால நல்லா இருக்கற மனுஷன் யாரையும் நீயும் நிறுத்துன்னு நான் சொல்ல மாட்டேன். ஆதிமனுஷன் தானியமே சாப்பிடலைன்னு இவரு அடிக்கடி எடுத்து விடுவாரு, இஸ்ரேல்ல ஓஹாலோன்னு ஒரு இடம், கலிலேயா ஏரிக்கரைல 23,000 வருஷத்துக்கு முந்தைய குடிசைங்கள்ல காட்டு பார்லியும் அதை அரைச்ச கல்லும் கிடைச்சிருக்குன்னு பொண்ணு தேடிப் பிடிச்சு ஒரு நாள் நீட்டினா, அதுலேர்ந்து ஆதிமனுஷன் பேச்சு கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

எனக்கு என்ன லாபம்னா, நேரம் போச்சு. உண்மையை சொல்றேன். சோறு இருந்தப்போ லேட்டா வந்தாலும் அதை வச்சுட்டு எதையோ கிளறி சமாளிச்சிடலாம், நாலு விருந்தாளி வந்தா இன்னும் ரெண்டு டம்ளர் அரிசி, அவ்ளோதான். இப்போ எதிர்பாராம ஒருத்தர் வந்தாலும் கணக்கு தப்பிடுது, காய் நறுக்கியே விரல் தேயுது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து வாரத்துக்கு வேணுங்கறதை நறுக்கி டப்பாவுல போடறோம், பையன் பட்டாணி உரிப்பான், பாதி வாய்க்கு பாதி கிண்ணத்துக்கு.

நேத்து ராத்திரி சாப்பிடும்போது அத்தை தன் கிண்ணத்துலேர்ந்து ஒரு சின்ன உருண்டை சோறு உருட்டி, குழம்புல தோய்ச்சு, ஒண்ணும் பேசாம பையன் வாயில வச்சாங்க. அவன் கண்ணை மூடிக்கிட்டு மென்னான். பொண்ணும் கையை நீட்டினா, அவளுக்கும் ஒண்ணு. அப்புறம் அத்தை இன்னொண்ணு உருட்டி கையில வச்சுக்கிட்டு தன் புள்ளையை பார்த்தாங்க. இவரு சொம்பை எடுத்து தண்ணி குடிச்சாரு, ரொம்ப நேரம் குடிச்சாரு, அப்புறம் கீழ வச்சுட்டு வாயை திறந்தாரு.